சைரன் ஊதினால் பேசக்கூடாது

அந்த வீடியோ விளையாட்டில் எனக்கு முதலில் பிடித்துப்போனது காலடிச் சத்தம்தான். துப்பாக்கிகளைப் பற்றி எனக்கு இன்றும் சரியாகத் தெரியாது. ஆனால் இயர்போனை மாட்டிக்கொண்டு ஓர் இடிந்த வீட்டுக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தால், வெளியே வருகிறவன் ஜல்லியில் நடக்கிறானா, தகரத்தில் கால் வைத்தானா, மாடிப்படியில் ஏறுகிறானா, இறங்குகிறானா என்பதெல்லாம் காதிலேயே தெரிந்துவிடும். இடப்பக்கமா வலப்பக்கமா என்றும் தெரியும். யாரோ அவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து அந்தச் சத்தங்களைச் செய்திருக்கிறார்கள். ஒரு நோட்டில் ‘நிறை’, ‘குறை’ என்று இரண்டு தலைப்புப் போட்டு எழுதத் தொடங்கியபோது, நிறையின் கீழ் நான் எழுதிய முதல் வரி அதுதான்.

நோட்டு போட்டு எழுதுவது என் பழக்கம். திருமணத்துக்கு முன் செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் இரண்டு வருடம் வேதியியல் நடத்தினேன். குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டேன். இப்போது புதுப்பட்டினத்தில், கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மகளுக்கு ஐந்து வயது. கணவருக்கு அணுமின் நிலையத்தில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் வேலை. செல்போனை வெளியிலேயே வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். காலை ஏழரைக்குப் போனால் மாலை ஆறு மணி வரை அவரிடம் எதையும் கேட்க முடியாது. எனக்கோ யாரிடமும் கேட்காமல் ஒரு முடிவெடுக்க வராது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்தைக் கொடுத்துவிட்டு, கொடுத்தது சரிதானா என்று அட்டையைத் திரும்பத் திரும்பப் படிப்பேன்.

அந்த விளையாட்டு அவருடையது. டிவியில் மாட்டி விளையாடும் பெட்டி ஒன்றை அவர் கல்யாணத்துக்கு முன்பே வாங்கி வைத்திருந்தார். ஞாயிறு காலையில் கல்லூரி நண்பர்களோடு சேர்ந்துகொண்டு இரண்டு மணி நேரம் சுடுவார். கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்காரம்மா மாடிப்படிக்கு வந்து சத்தம் கொடுப்பார்.

“இன்னா டீச்சரம்மா, உன் வூட்டுக்காரரு ஞாயித்துக்கெழமையானா சுட்டுகினே கீறாரு. எம்மாம் பேரு செத்தாங்க இன்னிக்கு?”

நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சத்தத்தைக் குறைப்பேன். மகள் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு வாய் திறந்தபடி டிவியையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அதுதான் எனக்குக் கவலை. பார்க்கலாமா, கூடாதா? இணையத்தில் தேடினால் ஒருவர் மூளைக்கு நல்லது என்கிறார், இன்னொருவர் கெட்டது என்கிறார். பாடம் நடத்துவதற்கு முன் ஆசிரியர் அதைப் படித்திருக்க வேண்டும் அல்லவா? நானே விளையாடிப் பார்த்துவிட்டு முடிவு செய்வது என்று நினைத்தேன். ஒரு வாரம் என்றுதான் நினைத்தேன்.

ஒரு வாரம் மூன்று மாதமாயிற்று. மகள் பள்ளியிலிருந்து வந்து, சாப்பிட்டு, தூங்கும் நேரத்தில் விளையாடுவேன். அவர் பெயரில் போகாமல், பெட்டியில் இருக்கும் ‘விருந்தாளி’ என்ற தனிக் கணக்கில் உள்ளே போனதால் கணவருக்கு எதுவும் தெரியாது. செல்போனின் இயர்போனைச் செருகிக்கொள்வதால் கீழ்வீட்டுக்கும் கேட்காது.

குறைகளையும் எழுதினேன். கதை என்று ஒரு பகுதி இருக்கிறது. நாலைந்து மதியத்தில் முடிந்துவிட்டது. கடைசி வரை யாருக்காக யார் சண்டை போடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. எல்லாச் சண்டையும் வெயில் ஊர்களில்தான் நடக்கிறது. மண் நிறச் சுவர், மொட்டைமாடி, கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, கொடியில் துணி. மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் தெரிகிற ஊர் மாதிரியே இருக்கிறது. ஆனால் அந்த வீடுகளுக்குள் போனால் அடுக்களையில் ஒரு பாத்திரம் கிடையாது. கொடியில் காயும் துணியை யாரும் எடுக்க வருவதில்லை. குழந்தைகள் இல்லை. குழந்தைகளைச் சுடும்படி யாரும் வைக்கவில்லையே என்று முதலில் நிம்மதியாக இருந்தது. போகப்போக, அப்படியானால் இந்த ஊர்க் குழந்தைகள் எல்லாம் எங்கே என்று தோன்ற ஆரம்பித்தது. குறையின் கீழ் ‘குழந்தைகள் எங்கே?’ என்று எழுதி வைத்தேன்.

செத்தால் சில நொடிகளில் மறுபடியும் எழுந்துவிடலாம் என்பதையும் குறையில்தான் எழுதினேன். பிறகு அடித்துவிட்டு நிறையில் எழுதினேன். பிறகு இரண்டிலும் எழுதினேன்.

நான் அதிகம் விளையாடியது கதையை அல்ல. அதில் இன்னொரு வகை உண்டு. இணையம் வழியாக விளையாடும் பலர் ஒரே ஊருக்குள் இறக்கிவிடப்படுவார்கள். கொஞ்ச நேரத்தில் சைரன் ஊதும். ஊரைச் சுற்றிலும் நச்சுப்புகை எழும்பி நெருங்கி வரும். உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் தேடிச் சுடுவார்கள். கடைசியாக உயிரோடிருப்பவர் ஜெயித்தவர். எனக்குக் குறி பார்க்க வராது. ஆனால் ஒளிந்துகொள்ள நன்றாக வரும். ஒரே வாசல் உள்ள இடமாகப் பார்ப்பேன். ஜன்னல் பொருத்தாத, கட்டி முடியாத வீடாக இருந்தால் இன்னும் நல்லது. மாடிப்படிக்குக் கீழே முதுகைச் சுவரில் கொடுத்து உட்கார்ந்துவிடுவேன். சுடவே மாட்டேன். அப்படியே ஏழாவது இடம் வரை வந்திருக்கிறேன். வாழ்க்கையில் பயந்து பயந்து இருப்பதற்குப் பரிசு கிடைத்தது அந்த ஓர் இடத்தில்தான்.

இரண்டாம் மாதம் மகள் மதியத் தூக்கத்தை விட்டுவிட்டாள். விரட்டினேன், அழுதாள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார விட்டேன். மறுநாள் மடியில் உட்கார்ந்தாள். இயர்போனின் வலது பக்கம் எனக்கு, இடது பக்கம் அவளுக்கு. எனக்கு இடப்பக்கச் சத்தம் கேட்காது அல்லவா? அதனால் அவள் காதில் காலடி கேட்டால் என் தொடையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அவள் ஒரு தடவையும் தவறவிட்டதில்லை. இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த நாட்களில் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம் என்பதை மறைத்து எழுதுவது சரியில்லை.

அப்போதுதான் ஒரு நாள் பால்கனியிலிருந்து பக்கத்து மனையைக் காட்டி, “அம்மா, அங்க பாரு, உன் வீடு” என்றாள். யாரோ கட்டிக்கொண்டிருந்த வீடு. தளம் போட்டு, மாடிப்படி கட்டி, ஜன்னல் வைக்காமல் மூன்று மாதமாக வேலை நின்றிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையிலேயே நான் ஒளிந்துகொள்ளும் வீடுகளைப் போலவே இருந்தது.

அந்த விளையாட்டின் இன்னொரு சாமர்த்தியம், எதிரி பக்கத்தில் வந்துவிட்டால் நாம் பேசுவது அவன் காதில் விழும். எங்கேயோ உட்கார்ந்திருக்கும் நிஜமான ஒரு மனிதனுக்கு, நிஜமான நம் குரல். இது எனக்கு முதலில் தெரியாது. ஒரு மதியம் மடியில் இருந்தவள், “அம்மா, பசிக்குது” என்றாள். இயர்போன் வயரில் இருக்கும் மைக் அவள் வாய்க்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது. மாடிப்படிக்கு மேலேயிருந்து ஓர் ஆண் குரல் சிரித்தது. இந்தியில் ஏதோ சொன்னான். அடுத்த நொடி செத்துப்போனேன். சாவு பெரிதில்லை. யாரோ ஒருவன் காதில் என் குழந்தையின் குரல் விழுந்துவிட்டதே! பெட்டியை அணைத்துவிட்டேன்.

அன்றோடு விட்டிருக்கலாம். மைக்கை மூடி வைக்க ஒரு பொத்தான் இருக்கிறது என்பதையாவது தேடிக் கண்டுபிடித்திருக்கலாம். நான் அதைச் செய்யாமல் மகளுக்கு ஒரு விதி வைத்தேன்.

“சைரன் ஊதினா பேசக்கூடாது. யாரு கூப்பிட்டாலும் பேசக்கூடாது, அம்மா கூப்பிட்டாலும். அம்மா செத்துட்டேன்னு சொன்னப்புறம்தான் பேசணும்.”

அவள் தலையாட்டினாள். ஆட்டம் நடக்கும்போது வாயைத் திறக்க மாட்டாள். நான் சுடப்பட்டதும் இயர்போனைக் கழற்றி, “அம்மா செத்துட்டேன்” என்பேன். அடக்கி வைத்ததையெல்லாம் அவள் கொட்டுவாள்: பசி, பாத்ரூம், பள்ளியில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்பது. ஒரு முறை வேண்டுமென்றே ஆட்டத்தின் நடுவில், “பாப்பா?” என்று கூப்பிட்டுப் பார்த்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டு என்னையே பார்த்தாளே தவிர பேசவில்லை. சமத்து என்று கன்னத்தைக் கிள்ளினேன். இதை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கிள்ளலில்தான் என் மனம் போய் நிற்கிறது.

அவசரகால ஒத்திகை என்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் எப்போதாவது நடத்துவார்கள். நடக்கக்கூடாத ஒன்று நடந்தால் மக்கள் என்ன செய்ய வேண்டும் என்று பழக்குவதற்காக. சைரன் ஊதியதும் வீட்டுக்குள் போய்க் கதவு ஜன்னலைச் சாத்த வேண்டும், வெளியே காயும் துணிமணியை எடுத்துவிட வேண்டும், மறு அறிவிப்பு வரும் வரை உள்ளேயே இருக்க வேண்டும். இரண்டு நாள் முன்பிருந்தே ஓர் ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு, இது ஒத்திகைதான், யாரும் அச்சப்பட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு தெருத்தெருவாகப் போனது. கொடுத்த துண்டுச்சீட்டை நான் பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். குழந்தையிடமும் சொன்னேன். “நாளைக்கு நெஜ சைரன் ஊதும். பயப்படக்கூடாது. சமத்தா, சத்தம் போடாம இருக்கணும்.” நான் சொல்லிக்கொடுத்ததாகவே நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை. கணவர் வேலைக்குப் போய்விட்டார். பத்தேகால் மணிக்குச் சைரன் ஊதியது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஊதுகிற சத்தம். நான் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மகள் கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். துணியை வாரிக்கொண்டு இறங்கி வந்தேன். ஐந்து நிமிடம் இருக்குமா? அதற்கு மேல் இருக்காது.

வாசல் கதவு திறந்திருந்தது. கூடத்தில் வண்ணப் பென்சில்கள் கிடந்தன. அவள் இல்லை.

பாத்ரூம், கட்டிலுக்கு அடி, பீரோவுக்குப் பின்புறம், அடுக்களை மேடைக்குக் கீழே. கூப்பிட்டேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், பாப்பா என்று கூப்பிட்டேன், அம்முக்குட்டி என்று கூப்பிட்டேன். சைரன் சத்தத்தில் கேட்கவில்லை போலும் என்று இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். கீழே ஓடி வீட்டுக்காரம்மா கதவைத் தட்டினேன். அவர் ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

“இங்க வரலியேம்மா. மேலதான எங்கனா இருக்கும்? ஒழுங்கா பாத்தியா?”

“பார்த்துட்டேங்கா. இல்ல.”

என் முகத்தைப் பார்த்ததும் அவர் செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கினார்.

சைரன் ஓய்ந்துவிட்டது; தெரு வெறிச்சென்று இருந்தது. எப்போதும் மீன்கூடையும் சைக்கிளுமாக இருக்கிற தெரு. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ஆளில்லாத தெருவையும் மூடிய வீடுகளையும் கொடியில் எடுக்காமல் விட்ட ஒரு சேலையையும் பார்த்ததும் எனக்கு அந்த விளையாட்டு ஞாபகம் வந்தது. உடனே தலையை உதறிக்கொண்டேன். இந்த நேரத்தில் இதையா நினைப்பாய் என்று என்மேலேயே கோபம் வந்தது.

தெருமுனையில் மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஓர் இளைஞர் கையில் அட்டையோடு நின்றிருந்தார். ஒத்திகைக்கு வந்த தன்னார்வலர். கையைக் காட்டி உள்ளே போகச் சொன்னார்.

“என் குழந்தையைக் காணோம்,” என்றேன்.

அவர் அட்டையைப் பார்த்தார். ஒரு தாளைப் புரட்டினார்.

“காணாமப் போனவங்க பதினொன்றரைக்குத்தான மேடம்? அதுவும் மார்க்கெட் பக்கம்னு போட்டிருக்கு. நீங்க எந்த டீம்?”

எனக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஒத்திகையில் மயங்கி விழுகிறவர், அடிபட்டவர், காணாமல் போனவர் என்று சிலரை நடிக்க வைப்பார்கள். நானும் அப்படி நடிக்க வந்தவள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

“நான் எந்த டீமும் இல்ல தம்பி. நான் நெஜம். அஞ்சு வயசுப் பொண்ணு. மஞ்சக் கவுன்.”

“யோவ், நெஜமாவே புள்ளய காணோம்யா,” என்றார் வீட்டுக்காரம்மா. “பேப்பர பாத்துகினே கீறியே. அந்தாண்ட போய்ப் பாரு.”

அவர் முகம் மாறியது. அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஓடினார். கடல் எங்கள் தெருவிலிருந்து ஐந்து நிமிட நடை. அவர் அந்தப் பக்கம் ஓடியதும்தான் எனக்குக் கடல் என்ற ஒன்று இருப்பதே உறைத்தது. 

வீட்டுக்காரம்மா என் தோளைப் பிடித்தார். “அது நல்லா பேசற புள்ளயாச்சே. கூப்ட்டா குரல் குடுக்குமே. ஏன் குடுக்கல?”

 ஏன் குரல் கொடுக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. சைரன் ஊதினால் பேசக்கூடாது. யார் கூப்பிட்டாலும் பேசக்கூடாது. அம்மா கூப்பிட்டாலும்.

எங்கே போயிருப்பாள் என்பதும் அதே நொடியில் தெரிந்தது. நான் எங்கே போவேனோ அங்கே.

பக்கத்து மனையின் சுற்றுச்சுவரில் பின்பக்கம் ஓர் உடைப்பு இருந்தது. அதன் வழியாக உள்ளே போனேன். வெயிலிலிருந்து வந்ததால் கண் தெரியவில்லை. சிமெண்ட் வாடை. தரை முழுக்க ஜல்லி. அறையின் கடைசியில் மாடிப்படி, அதற்கு அடியில் இருட்டு. தளம் போடும்போது முட்டுக் கொடுக்கிற பலகைகளை அங்கே சாத்தி வைத்திருந்தார்கள். நான் ஓர் அடி வைத்தேன். ஜல்லி நொறுங்கியது. உடனே நின்றேன். காதைக் கொடுத்தேன்.

மூன்று மாதம் என் காதுக்கு அந்த விளையாட்டு கற்றுக்கொடுத்தது அந்த நிமிடத்துக்குத்தான் போலிருக்கிறது. இடப்பக்கம், பலகைகளுக்குப் பின்னால், ஜல்லியில் ஒரு சின்னக் கரகரப்பு. எலி ஓடினால் அந்தச் சத்தம் வராது. முட்டி போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர் எடையை மாற்றிக்கொள்ளும் சத்தம் அது.

உயிர் வந்தது. இன்னோர் அடி வைத்தேன். உள்ளே இருந்த சத்தம் பின்னால் நகர்ந்தது.

அப்போதுதான் கண் பழகி, எனக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் தரையில் கிடந்த பிளைவுட் பலகையைப் பார்த்தேன். சம்ப் என்று சொல்கிற நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி. அதன் வாயை அந்தப் பலகையால் மூடியிருந்தார்கள். மழையில் ஊறி ஓரமெல்லாம் உரிந்து, நடுவில் தொய்ந்து போன பலகை. ஒரு மூலையில் விலகியிருந்தது. அந்த விலகலில் தண்ணீர் மின்னியது. சாத்தி வைத்திருந்த பலகைகளின் மறுமுனை சம்ப் வாயின் ஓரத்தில்தான் போய் முடிந்தது. அவள் இன்னும் இரண்டு எட்டு பின்னால் நகர்ந்தால் அந்த முனை வழியாக வெளியே வந்து, நேராகப் பிளைவுட்டின் மேல்தான் கால் வைப்பாள்.

நான் நெருங்கினால் அவள் விலகுவாள். காலடி என்றால் எதிரி. அப்படித்தானே தொடையில் தட்டித் தட்டிப் பழகியிருக்கிறோம்?

“பாப்பா, அம்மாடா. வெளிய வா,” என்றேன். பதில் இல்லை. கரகரப்பு இன்னும் கொஞ்சம் பின்னால் போனது. “பயப்படாத, அம்மாதான் கூப்பிடறேன்.” பதில் இல்லை. நான் கெஞ்சக் கெஞ்ச அவள் இன்னும் சமத்தாக இருந்தாள்.

எனக்குப் பின்னால் சுவர் உடைப்பில் வீட்டுக்காரம்மா வந்து நின்றார். அவரோடு பக்கத்து வீடுகளிலிருந்து இரண்டு பெண்களும். மஞ்சள் ஜாக்கெட் இளைஞரும் திரும்பி ஓடி வருகிற பூட்ஸ் சத்தம் கேட்டது. அத்தனை காலடிகளும் அந்தப் பலகைகளுக்குப் பின்னால் அவள் காதில் எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். கையைப் பின்னால் நீட்டி எல்லாரையும் நிற்கச் சொன்னேன்.

சொல்ல வேண்டியது எது என்றும் எனக்குத் தெரியும். அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல வேண்டும். அவர்களில் யாருக்கும் நான் அந்த விளையாட்டை விளையாடுகிறவள் என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்கும் டீச்சரம்மாவாகத்தான் என்னைத் தெரியும். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, வேறு வழி இருக்கிறதா என்று யோசித்தேன். என்னை நான் மன்னிக்க முடியாத நொடி அது.

“பாப்பா,” என்றேன். குரல் உடைந்தது. இருமிச் சரி செய்துகொண்டு, வீட்டில் சொல்கிற அதே குரலில் சொன்னேன். “அம்மா செத்துட்டேன். இப்ப பேசலாம்.”

பின்னால் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

பலகைகளுக்குப் பின்னாலிருந்து உடனே, சாதாரணமாக, ஒரு குரல் வந்தது. “அம்மா, எறும்பு கடிக்குது. சுச்சூ வருது.”

“அங்கேயே இரு. நகரக்கூடாது. அம்மா வந்து தூக்கிக்கறேன்.”

சம்ப்பைச் சுற்றிக்கொண்டு, சுவரோடு ஒட்டி நடந்து போய், சாத்தியிருந்த பலகையை விலக்கினேன். முட்டியைக் கட்டிக்கொண்டு, முதுகைச் சுவரில் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். நான் எப்படி உட்காருவேனோ அப்படியே. தூக்கிக்கொண்டேன். கழுத்தைக் கட்டிக்கொண்டவள் என் இடது தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். திரும்பிப் பார்த்தேன். இடப்பக்கம், ஜன்னல் ஓட்டை வழியாக, மஞ்சள் ஜாக்கெட் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் வீட்டுக்காரம்மா குழந்தையைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இன்னாம்மா இது? பெத்த புள்ள கைல சொல்ற பேச்சா இது?”

நான் எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன். நடுத்தெருவில், கையில் குழந்தையோடு. அவர் கேட்டு முடித்துவிட்டு, “அப்ப ஞாயித்துக்கெழமதான் அவரு. மத்த நாளெல்லாம் நீயா?” என்றார். திட்டுவார் என்று நினைத்தேன். உள்ளே போய் உப்பும் மிளகாயும் கொண்டுவந்து குழந்தைக்குச் சுற்றினார். ஒரு கணம் யோசித்துவிட்டு எனக்கும் சுற்றினார்.

மஞ்சள் ஜாக்கெட் இளைஞர் தயங்கித் தயங்கி வந்து, இதை அறிக்கையில் எழுதலாமா, எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று கேட்டார். எழுதிக்கொள்ளச் சொன்னேன். தலைப்பை என்னாலும் சொல்ல முடியவில்லை. அந்தச் சம்ப்பை மூட யாருக்காவது சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். பதினொன்றரைக்கு அவருடைய காணாமல் போன ஆள் மார்க்கெட்டில் காத்திருப்பார் என்று ஓடினார். நீளமாக, ஏறாமல் இறங்காமல், ஆபத்து நீங்கியது என்ற சைரன் ஊதியது. பேசலாமா என்று கேட்பதுபோல மகள் என் வாயைப் பார்த்தாள்.

மாலை கணவர் வந்ததும் உட்கார வைத்துச் சொன்னேன். நோட்டையும் கையில் கொடுத்தேன். நெடுநேரம் படித்தார். பெட்டியைக் கழற்றிப் பரணில் போடலாமா என்று கேட்டேன். விளையாட்டின் மேல் என்ன தப்பு, மைக்கை மூட ஒரு பொத்தான் இருக்கிறதே என்றார். அந்த விதியை வைத்தது நான்தான் என்றேன். அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அழுதிருப்பேன். கொஞ்ச நேரம் கழித்து, “ஏழாவதா வந்தியா நெஜமாவே?” என்றார். ஆமாம் என்றேன். “நான் இருபதுக்குள்ள வந்ததே இல்ல” என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றுபோனது.

பெட்டியைப் பரணில் போடவில்லை. ஞாயிறு காலையில் அவர் விளையாடுகிறார், கதவைச் சாத்திக்கொண்டு. நான் விளையாடுவதில்லை. அதை ஒரு பெருமையாகச் சொல்லவில்லை. மதியம் இரண்டு மணி ஆனால் கை தேடுகிறது. அந்தக் காலடிச் சத்தம் இல்லாவிட்டால் பலகைக்குப் பின்னால் இருந்த சத்தத்தை நான் கேட்டிருப்பேனா என்று நினைப்பேன். அந்த விளையாட்டே இல்லாவிட்டால் அவள் அங்கே போயிருக்கவே மாட்டாளே என்றும் உடனே நினைப்பேன். நோட்டில் இரண்டு தலைப்பின் கீழும் கடைசி வரி ஒன்றேதான்: ‘சத்தம்.’

மகளுக்குப் புதிய விதி வைத்தேன். யார் எப்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், எங்கே இருந்தாலும், உடனே ‘இங்க இருக்கேன்’ என்று பதில் சொல்ல வேண்டும். பத்து நாள் பழக்கினேன். நான் அடுக்களையிலிருந்து கூப்பிடுவேன், அவள் பால்கனியிலிருந்து பதில் சொல்வாள். முதல் சில நாள் பதில் சொல்வதற்கு முன், “அம்மா, செத்துட்டியா?” என்று ஒரு முறை கேட்டுக்கொள்வாள். இல்லை, உயிரோடுதான் இருக்கிறேன், உயிரோடு இருக்கும்போதே பேசலாம் என்பேன். இப்போது கேட்பதில்லை.

இன்று மாலை தெருப் பிள்ளைகளோடு கண்ணாமூச்சி ஆடினாள். நான் பால்கனியில் நின்று பார்த்தேன். ஒளிந்துகொள்ள இன்னும் நன்றாகத்தான் ஒளிகிறாள். மூலையில் சுவரோடு ஒட்டி நிறுத்திய வேனுக்குப் பின்னால், ஒரே பக்கம் திறப்பு உள்ள இடமாகப் பார்த்து. ஆனால் தேடுகிற பெண் அவள் பெயரைக் கூப்பிட்டதும், “இங்க இருக்கேன்” என்று சொல்லிவிட்டாள். மூன்று ஆட்டம், மூன்று தடவையும் அவள்தான் முதலில் மாட்டினாள்.

“ஏய், இது சரியான லூசுடி. கூப்ட்டா சொல்லிடுது,” என்று அந்தப் பெண் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

மகள் அண்ணாந்து என்னைப் பார்த்தாள். விளையாட்டில் மட்டும் பதில் சொல்ல வேண்டாம் என்று சொல்லிக்கொடுக்கலாம். வாய் வரை வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். அவள் நாலாவது தடவை ஒளியப் போனாள். கூப்பிடும் சத்தம் கேட்டது. பதில் வரும் வரை நான் மூச்சு விடவில்லை.